ஒரே ரோஜா, இரண்டு உடைகள்

1783-இல் பாரிசின் லூவ்ர் அரண்மனையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், மாட்டிய படம் ஒன்றைப் பாதியிலேயே கழற்ற வேண்டியதாயிற்று. வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ருன். அந்த ஆண்டுதான் அரச ஓவியக் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்திருந்தது. படத்தில் இருந்தவர் பிரான்சின் அரசி மரி அந்துவானெத். தலையில் அகன்ற வைக்கோல் தொப்பி, உடம்பில் தொளதொளவென்ற வெள்ளை மஸ்லின் அங்கி, இடுப்பைச் சுற்றி மெல்லிய துணிப்பட்டை, கையில் இளஞ்சிவப்பு ரோஜா. நகை என்று பொட்டுத் தங்கம் கிடையாது.

கழற்றிய இடத்துக்கு அவசரமாக இன்னொரு படம் வந்தது. அதே ஓவியர், அதே முகம், அதே தோரணை, அதே ரோஜா. உடை மட்டும் வேறு: சாம்பல் கலந்த நீலப் பட்டு, லேஸ் வைத்த ஓரங்கள், கழுத்திலும் மணிக்கட்டிலும் முத்துச் சரம். இதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. இன்று வெர்சாய் அரண்மனையில் இருப்பது இந்த இரண்டாவது படம்தான்.

பழைய ஓவியங்களில் பெண்களின் கையிலுள்ள பூவுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றும். ரோஜாவுக்கென்று ஒரு நிலையான பொருள் இருந்திருந்தால் இரண்டு படமும் ஒன்றையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மஸ்லின் அங்கிக்குப் பக்கத்தில் அந்த ரோஜா, வேலையில்லாத ஒரு பெண் தோட்டத்தில் கிள்ளிய பூ. பட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அதுவே அரசியின் கைப்பூவாகிவிட்டது. பூவுக்கு அர்த்தம் கொடுத்தது துணி.

அந்த மஸ்லினில் அப்படி என்ன குற்றம்? முதலாவது, அது பார்ப்பதற்கு உள்ளாடை போல இருந்தது. பட்டுக் கவுனுக்கு உள்ளே போடும் வெள்ளை அங்கிக்கு பிரெஞ்சில் 'ஷெமீஸ்' என்று பெயர். நம் வீடுகளில் சிறுமிகளுக்கு கவுனுக்கு உள்ளே மாட்டிவிடும் ஷிம்மீஸ் அந்தச் சொல்லின் வாரிசுதான். அரசியை ஷெமீஸோடு வரைந்துவிட்டார்கள் என்று பாரிஸ் சிரித்தது. ஓவியரே பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்லி வருந்துகிறார்.

இரண்டாவது காரணம் காசு. பிரான்சின் பட்டு நெசவு லியோன் நகரத்தில் இருந்தது. அரசவை பட்டு உடுத்தினால்தான் லியோன் தறிகள் ஓடும். அந்த வெள்ளை மஸ்லினோ வங்காளத்துப் பருத்தியோடு பிறந்த மோகம். இந்தியத் துணியிடம் பிரான்சுக்கு ஏற்கெனவே ஒரு பயம் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து, குறிப்பாகப் புதுச்சேரி வழியாக, பிரெஞ்சுக் கம்பெனி கொண்டுபோய் இறக்கிய சீட்டித் துணி அங்கே எல்லாரையும் பிடித்து ஆட்டியதால், 1686 முதல் 1759 வரை அந்த நாட்டில் அதற்குத் தடையே இருந்தது. விற்பதும் குற்றம், உடுத்துவதும் குற்றம். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் ஆஸ்திரியாவிலிருந்து வந்த அரசி பருத்தி அணிந்து படத்துக்கு நின்றால், பார்ப்பவர் கண்ணில் படுவது எளிமையா என்ன? அந்நிய சரக்கு உடுத்திய அந்நிய பெண். கையிலிருந்த ரோஜாவால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஏசிய வாய்கள் மூடுவதற்குள் அந்த அங்கி 'அரசி ஷெமீஸ்' என்று பேர் வாங்கிப் பரவிவிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஐரோப்பாவின் வசதியான பெண்கள் பாதிப்பேர் வெள்ளை மஸ்லினில்தான் நடமாடினார்கள்.

இணையத்தில் தேடினால் பூவுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன: ரோஜா காதல், அல்லி தூய்மை, வயலட் பணிவு என்று. இப்படி வரிசையாகப் பொருள் சொல்லும் கையேடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் சரக்கு. 1819-இல் பாரிசில் வெளியான ஒரு மலர்மொழிப் புத்தகம் சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டுபோய் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் படத்தின் மேல் ஒட்டுவது, இன்றைய ராசிபலனை வைத்துப் பழைய கல்வெட்டைப் படிப்பதற்குச் சமம். அன்றைய படங்களிலும் குறியீடு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பெரும்பாலும் மிகக் குறிப்பானது: இந்த வீடு, இந்தப் பெயர், இந்த மாப்பிள்ளை.

பிளாரன்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1447-இல் அலெஸ்ஸாண்ட்ரா ஸ்ட்ரோஸ்ஸி என்ற விதவைத் தாய், வெளியூரில் இருந்த மகனுக்கு அவன் தங்கையின் கல்யாண ஏற்பாட்டைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார். மாப்பிள்ளை மார்கோ பரெந்தி பட்டு வியாபாரி. பெண்ணுக்குத் தம் கடையிலேயே சிவப்பு வெல்வெட்டில் உடை தைக்கச் சொல்லியிருக்கிறார். அது போக மயில்பீலி வைத்த தலை அலங்காரம், முத்து. வெளியே போகும்போது அவள் உடம்பில் 400 பிளோரினுக்கு (பிளாரன்ஸின் தங்கக் காசு) மேல் இருக்கும் என்று தாய் பூரிக்கிறார். பெண்ணுக்குக் கொடுத்த வரதட்சணையே 1,000 பிளோரின்தான். கிட்டத்தட்ட அதில் பாதியை ஒருத்தி தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறாள்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அந்தக் காலத்துப் பெண் படங்கள் புரியும். மாப்பிள்ளை வீட்டார் போட்ட உடையும் நகையும் பல வேளைகளில் பெண்ணுக்கே சொந்தமாகிவிடுவதில்லை. கல்யாணக் களை அடங்கியதும் அடகுக்கும் விற்பனைக்கும் போனவை நிறைய. இன்னொரு பக்கம், பெண்கள் எவ்வளவு பட்டு, எத்தனை முத்து, என்ன ஜரிகை அணியலாம் என்று நகராட்சி சட்டம் போட்டு, மீறினால் அபராதம் வாங்கியது. ஆக, துணியில் இல்லாமல் போகக்கூடிய செல்வத்தை, அன்று படம் தீட்டிய மரப்பலகையில் பத்திரப்படுத்தும் வேலையையும் ஓவியர்தான் பார்த்தார்.

மத்ரிதின் தைஸன் அருங்காட்சியகத்தில் கிர்லாந்தாயோ வரைந்த ஜொவான்னாவின் படம் இருக்கிறது. அல்பிஸ்ஸி வீட்டில் பிறந்து, 1486-இல் லொரென்ஸோ தொர்னபுவோனியை மணந்தவர். பக்கவாட்டு முகம், நாணயத்தில் பொறித்த தலை போல நிமிர்ந்த கழுத்து. நம்மைப் பார்க்க மாட்டார். மேலே அணிந்திருக்கும் பொன்னிற ஜரிகை அங்கியை உற்றுப் பார்த்தால் நெசவிலேயே 'எல்' என்ற எழுத்தும் ஒரு வைரக்கட்டமும் தெரியும். எழுத்து கணவரின் பெயருக்கு; வைரக்கட்டம் அவர்கள் வீட்டுச் சின்னம். கல்யாணத்தில் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் இங்கே அது உடல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. பின்னால் மாடத்தில் ஒரு பிரார்த்தனைப் புத்தகம், பவள ஜெபமாலை, ஒரு பதக்கம். நடுவில் ஒரு லத்தீன் சீட்டு: கலையே, உன்னால் குணத்தையும் மனத்தையும் வரைய முடிந்திருந்தால் இதைவிட அழகான படம் உலகில் இருந்திருக்காது. ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் வரியைத் தழுவியது அது. கீழே ரோமன் எண்ணில் ஆண்டு, 1488.

அந்த ஆண்டில்தான் ஜொவான்னா இறந்தார். வயது இருபதுகூட ஆகியிருக்காது. வயிற்றில் இரண்டாவது பிள்ளை. படம் அதன் பிறகு வரையப்பட்டது என்றே கருதுகிறார்கள். தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த ஜரிகையின் பளபளப்பு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மணப்பெண் கோலம் நிரந்தரமாகிவிட்டது, போட்டவள் இல்லை. லொரென்ஸோ மறுமணம் செய்துகொண்டார். 1497-இல், பிளாரன்ஸை ஆட்டிவைத்துப் பின் துரத்தப்பட்ட மெடிச்சி குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்தார் என்று அவர் தலையை வெட்டினார்கள். அடுத்த ஆண்டு எடுத்த சாமான் பட்டியலில் முதல் மனைவியின் படம் அதே வீட்டில்தான் இருக்கிறது.

பூக்களுக்கு வருவோம். இத்தாலியில் பூவையும் இலையையும் பெயருக்காகப் பயன்படுத்தும் வழக்கம் பலமாக இருந்தது. ஜியோர்ஜோனே வரைந்த 'லவுரா' என்ற படம் வியன்னாவில் உண்டு. பின்பக்கத்தில் 1506 என்று தேதி எழுதியிருக்கிறது. பெண்ணுக்குப் பின்னால் லாரல் இலைக் கொத்து, உடம்பில் உள்ளே மென்மயிர் வைத்துத் தைத்த சிவப்பு மேலங்கி, அது விலகி ஒரு மார்பு தெரிகிறது. லாரல் இருப்பதால் லவுரா என்று பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள். உண்மையில் அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மணப்பெண் என்று ஒரு கட்சி, கணிகை என்று ஒரு கட்சி. கற்பின் அடையாளமாக லாரலை ஒருவர் காட்டினால், விலகிய அங்கியை மற்றவர் காட்டுகிறார்.

பூக்களின் தெய்வமான ஃப்ளோராவின் கதையும் இப்படித்தான். வசந்தத்தின் தேவதை என்றும் சொன்னார்கள், பழைய ரோமின் பணக்கார வேசி என்றும் சொன்னார்கள். டிஷியன் வரைந்த ஃப்ளோரா கை நிறையப் பூவோடு, தோளிலிருந்து நழுவும் வெள்ளை உள்ளாடையோடு நிற்பதில் இரண்டும் கலந்திருக்கிறது. ஆனால் ரெம்பிராண்ட் 1634-இல் தம் புது மனைவி சாஸ்கியாவை ஃப்ளோராவாக வரைந்தபோது, தலையில் பூ, கையில் பூங்கொம்பு, உடம்பை மூடிய கனத்த துணி. வேசியின் வாடையே இல்லை. 1641-இல் அதே சாஸ்கியா நம்மை நோக்கி ஒரு சிவப்புப் பூவை நீட்டுகிறார். அடுத்த ஆண்டு இறந்துபோகிறார். வரையும்போது அந்தப் பூவில் சோகம் இருந்ததா, நாம்தான் ஏற்றிப் பார்க்கிறோமா என்று சொல்ல முடியாது. நாம் ஏற்றுகிறோம் என்பதே என் சந்தேகம்.

பூவே இல்லாத படமும் இருக்கிறது. டென்மார்க் இளவரசி கிறிஸ்டீனா, மிலான் பிரபுவை மணந்து, பதிமூன்று பதினான்கு வயதில் விதவையானவர். அவரைப் பெண் பார்க்க இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ஓவியர் ஹோல்பைனை பிரசெல்ஸுக்கு அனுப்பினார். 1538 மார்ச் 12 அன்று கிடைத்தது மூன்று மணி நேரம். பூ இல்லை, மாலை இல்லை, ஒரு மோதிரத்தைத் தவிர நகையும் இல்லை. தலையிலிருந்து தரைவரை கறுப்பு. ஆனால் கறுப்பு என்றால் துக்கம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆழமான கறுப்புச் சாயம் அன்று மலிவானதல்ல, ஓரங்களில் மென்மயிர் வேறு. பெரிய இடத்து விதவை, அடுத்த கல்யாணத்துக்குத் தடையில்லாதவர் என்பதை ஒரே நிறம் சொல்லிவிடுகிறது. கல்யாணம் நடக்கவில்லை. ஹென்றி படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

மரி அந்துவானெத்தை விட்டுவிட்டால், இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் உடையும் பூவும் அடுத்தவர் ஏற்பாடு. ஹென்றியின் மகள் முதலாம் எலிசபெத் விஷயத்தில்தான் கணக்கு திரும்புகிறது. யார் என்ன உடுத்தலாம் என்று 1574-இல் அவர் வெளியிட்ட ஆணைப்படி ஊதாப் பட்டு அரச குடும்பத்துக்கு மட்டும். தம் படங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அரசு தலையிட்டது. 1596-இல் அரசியின் முகத்துக்குப் பொருந்தாத படங்களைத் தேடி அழிக்கச் சொல்லி அரசவைக் குழுவே உத்தரவு போட்டது.

ஹாட்ஃபீல்டு மாளிகையில் இருக்கும் 'வானவில்' படம் 1600-ஐ ஒட்டி வரையப்பட்டது. அரசிக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. படத்திலோ சுருக்கமில்லாத முகம், கன்னிப்பெண் போல அவிழ்த்துவிட்ட கூந்தல், மார்பை மூடிய துணி முழுக்கப் பான்சி உள்ளிட்ட வசந்தகாலப் பூக்களின் தையல் வேலை. கழுத்திலிருந்து கொத்துக்கொத்தாக முத்து, அது கன்னிமைக்கு. இடது கைச்சட்டையில் நெளியும் பாம்பு அறிவுக்கு. அதன் வாயில் தொங்கும் இதய வடிவச் சிவப்புக் கல் ஆசைக்கு. அறிவு ஆசையை அடக்குகிறதாம். ஆரஞ்சு நிற மேலங்கி முழுக்கக் கண்களும் காதுகளும். இதற்குப் பல விளக்கம் சொல்கிறார்கள்; நாடு முழுக்க எனக்குக் கண்ணும் காதும் உண்டு என்பது எனக்கு நேராகப் படுகிற பொருள். ஒற்றர் படை வைத்திருந்த அரசியாயிற்றே. கையில் பிடித்திருக்கும் வானவில்லுக்குப் பக்கத்தில் லத்தீனில் எழுதியிருக்கிறது: சூரியன் இல்லாமல் வானவில் இல்லை. சூரியன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வானவில் இன்று நிறமே இல்லாத கண்ணாடிக் குழாய் மாதிரி கிடக்கிறது.

எலிசபெத்துக்குக் கைகூடியது மரி அந்துவானெத்துக்குக் கூடவில்லை. அரசியின் பெயரைச் சொல்லி ஒரு வைர அட்டிகையை ஏமாற்றி வாங்கிய ஊழல் 1785-இல் வெடித்தது. அதில் அவருக்குப் பங்கில்லை என்றாலும் ஊர் நம்பவில்லை. 1787-இல் விஜே லெ ப்ருன் மறுபடி வரைந்தார். இம்முறை கனத்த சிவப்பு வெல்வெட், ஓரத்தில் மென்மயிர், சுற்றிலும் குழந்தைகள். கழுத்தில் அட்டிகை கிடையாது. பின்னால் நகை அலமாரி. என் பிள்ளைகளே என் நகை என்ற பழைய ரோமானியத் தாயின் கதையை நினைவூட்ட. மூத்த மகன் காலியான தொட்டிலைச் சுட்டிக்காட்டுகிறான். அதில் கிடந்திருக்க வேண்டிய குழந்தை அந்த ஆண்டே இறந்துவிட்டது. பூ எங்கும் இல்லை. துணி, நகை, தொட்டில் என ஒவ்வொன்றையும் யோசித்து வைத்தும் படம் யாரையும் மாற்றவில்லை. பார்ப்பவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டால் குறியீடு வேலை செய்யாது.

கடைசியாக வாஷிங்டனில் உள்ள ஒரு சிறிய பலகைக்குப் போக வேண்டும். பக்கத்துக்கு 38 சென்டிமீட்டர் அளவு, ஏறக்குறைய சதுரம். லியோனார்டோ டாவின்சி 1470-களில் வரைந்த ஜினேவ்ரா தெ பெஞ்சி. 1474-இல், பதினாறு பதினேழு வயதில் கல்யாணமானவர். பிளாரன்ஸ் பணக்கார வீட்டுப் பெண். ஆனால் ஜரிகை இல்லை, முத்து இல்லை, மாப்பிள்ளையின் எழுத்து இல்லை. சாதாரணப் பழுப்பு உடை. ஜொவான்னாவைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நம் பக்கம் பார்க்கிறார், சிரிக்காமல். தலைக்குப் பின்னால் முள் போன்ற இலைகளோடு ஒரு ஜூனிப்பர் புதர். இத்தாலியில் அந்தச் செடிக்கு 'ஜினேப்ரோ' என்று பெயர். ஜினேவ்ரா, ஜினேப்ரோ. கற்பின் அடையாளமாகவும் அதைச் சொல்வார்கள், ஆனால் முதலில் அது பெயர்ப்பலகை.

பலகையைத் திருப்பினால் பின்னாலும் ஓவியம் இருக்கிறது. சிவப்புக் கல் போலத் தீட்டிய பரப்பில், லாரல் கிளையும் பனையோலையும் வளைந்து நிற்க, நடுவில் ஒரு ஜூனிப்பர் கொழுந்து. 'அழகு நற்குணத்தை அலங்கரிக்கிறது' என்று லத்தீன் வாசகம். லாரலும் பனையும் வெனிஸ் நாட்டுத் தூதர் பெர்னார்டோ பெம்போவின் சின்னம். அவருக்கு வேறு மனைவி உண்டு. ஜினேவ்ராமேல் அவர் வைத்திருந்த 'தூய காதலை' பிளாரன்ஸ் கவிஞர்கள் பாட்டாகவே எழுதினார்கள். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது வாசகத்துக்கு அடியில் இன்னொரு வாசகம் இருந்தது: 'நற்குணமும் மானமும்'. அது பெம்போவின் சொந்த வாசகம். கணவர் ஒருவர் இருக்க, வேறொருவரின் இலைகள் அவளைச் சுற்றி வளைத்திருக்கின்றன. அந்தப் படத்தின் முகத்தில் தெரியும் இறுக்கத்துக்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன்.

படத்தின் கீழ்ப்பகுதியை எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். கைகள் அதோடு போய்விட்டன. லியோனார்டோ வரைந்த இரண்டு கைகளின் கோட்டோவியம் இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனையில் இருக்கிறது; அது இவருக்காக வரைந்ததாக இருக்கலாம். லியோனார்டோவின் குரு வெரோக்கியோ செதுக்கிய பளிங்குப் பெண் ஒருத்தி மார்போடு பூங்கொத்தை அணைத்துக்கொண்டு பிளாரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் நிற்கிறாள். ஜினேவ்ராவின் கையிலும் ஏதோ பூ இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். எந்தப் பூ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஜினேவ்ரா கவிதை எழுதியவர். மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியதெல்லாம் அப்படியே இருக்க, அவர் எழுதியதில் ஒரே ஒரு வரி, யாரோ அவருக்கு எழுதிய கடிதத்துக்குள் மாட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது: "மன்னிப்புக் கேட்கிறேன், நான் ஒரு மலைப்புலி."